கல்யாணத் தாம்பூலத்துக்கு மூங்கில் பொருள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

மஞ்சள்காடு:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் ஈரோட்டில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாம்பூலத்தில் தேங்காயோடு வீட்டுக்கு ஆகிற ஒரு பொருளும் வைத்துக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். இதுவரை பிளாஸ்டிக் டப்பாதான் கொடுத்து வந்தோம். இந்த முறை கல்யாணப் பெண்ணே, "பிளாஸ்டிக் வேண்டாம் சித்தி, மூங்கில்ல ஏதாவது பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பைக்கு மஞ்சப்பை என்று முடிவாகிவிட்டது. உள்ளே வைக்கும் பொருள்தான் பாக்கி.

350 பேருக்கு வேண்டும். ஒன்று 150 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் முப்பது பேருக்கு மட்டும் கொஞ்சம் கூடச் செலவு செய்யலாம். இணையத்தில் தேடினால் மூங்கில் கப், மூங்கில் துண்டு, மூங்கில் பிரஷ், பாட்டில், விளக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறார்கள். இவற்றில் எது நிஜமாகவே மண்ணுக்கு நல்லது? வாங்கிப் போகிறவர்கள் அதைப் பரணில் போடாமல் புழங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:
அக்கா, முறம் கொடுங்களேன். எங்கள் ஊர்ப்பக்கம் கன்னடக் குடும்பங்களில் விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் கௌரி பண்டிகை. அன்றைக்குச் சுமங்கலிகளுக்கு 'மொரத பாகின' கொடுப்பார்கள். இரண்டு மூங்கில் முறம். ஒன்றில் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தை மேலே கவிழ்த்து மூடித் தருவார்கள். வாங்குகிறவருக்குப் பரிசும் ஆச்சு, அதைப் பொதிந்து வந்ததும் ஆச்சு. தெலுங்கு பேசும் வீடுகளில் கல்யாணப் பெண்ணையே மூங்கில் கூடையில் உட்காரவைத்து தாய்மாமன் மணமேடைக்குத் தூக்கி வருவார். மூங்கிலை மங்கலப் பொருளாக நினைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

பெரிய முறம் மஞ்சப்பைக்குள் போகாது. பாகினத்துக்கு வருகிற சின்ன முறம் போகும். அதில் கறிவேப்பிலை ஆயலாம், வத்தல் காயவைக்கலாம், பூ கட்டி வைக்கலாம்.

பச்சைக்கிளி:
முறம் எல்லாம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் புழங்குகிறார்கள்? என் தோழி கல்யாணத்தில் மூங்கில் நார் காபி கப் கொடுத்தார்கள், எல்லோருக்கும் பிடித்தது. பார்க்க அழகு, எடையும் இல்லை, உடையாது. மூங்கில் துண்டும் அருமை, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். இரண்டுமே உங்கள் தொகைக்குள் மொத்த விலையில் கிடைக்கலாம்.

ஆய்வகத்துக்காரர்:
பச்சைக்கிளி சொன்ன இரண்டு பொருளுமே நான் வேண்டாம் என்று சொல்லக்கூடியவை. வருத்தப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

முதலில் கப். மூங்கிலைப் பொடியாக அரைத்து, மெலமைன் ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து, அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தி எடுப்பதுதான் மூங்கில் நார் கப். ஓட்டல்களில் பார்க்கிறோமே மெலமைன் தட்டு, அதே பிளாஸ்டிக்தான். அதில் மூங்கில் பொடி வெறும் நிரப்புப் பொருள். சூடான காபி, டீ, புளிப்பான சாறு எல்லாம் ஊற்றும்போது ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் பானத்தில் இறங்குகின்றன. ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020ல் இதைப் பற்றி விரிவாக எழுதியது. மூங்கில் பொடி கலந்த பாத்திரத்திலிருந்து, சாதாரண மெலமைனைவிட அதிகமாகவே இறங்குகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. உணவு படும் பிளாஸ்டிக்கில் மூங்கில் பொடி சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியே கிடையாது. 2021ல் உறுப்பு நாடுகள் ஒன்றுசேர்ந்து அந்தக் கப்புகளைச் சந்தையிலிருந்து எடுக்கும் நடவடிக்கையில் இறங்கின. இது மண்ணில் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. கல்யாண வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு கொடுக்கிற பொருளில் இப்படி ஒன்று இருக்க வேண்டாம்.

அடுத்து துண்டு. மூங்கில் துண்டு, மூங்கில் சாக்ஸ் என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ் ரேயான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, அமிலக் குளியலில் நூலாக இழுக்கிறார்கள். மெத்தென்று இருப்பது உண்மைதான். ஆனால் மூங்கிலிலிருந்து மிஞ்சுவது செல்லுலோஸ் மட்டுமே. அதை மரக்கூழிலிருந்தும் எடுக்கலாம், வித்தியாசம் தெரியாது. கார்பன் டைசல்ஃபைடு ஆலையில் வேலை செய்கிறவர்களின் நரம்பைக் கெடுக்கக்கூடிய விஷம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009லிருந்தே ரேயானை 'மூங்கில்' என்று விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022ல் இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

ஈரோட்டில் இருந்துகொண்டு துண்டுக்கு மூங்கிலைத் தேட வேண்டுமா? சென்னிமலை கைத்தறிப் பருத்தித் துண்டு பக்கத்திலேயே இருக்கிறதே.

பச்சைக்கிளி:
இது எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் '100 சதம் இயற்கை நார்' என்றுதான் போட்டிருந்தது. பெட்டியை நம்ப முடியாது என்றால், கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகத்துக்காரர்:
கண்ணாலேயே பாதி தெரிந்துவிடும். மூங்கில் ஒரு குழாய். அதை அறுக்கலாம், பிளக்கலாம், பின்னலாம், ஒட்டலாம். மாவு பிசைந்து வார்த்ததுபோல் வழவழப்பான கிண்ண வடிவம், சீரான மெல்லிய விளிம்பு, முழுக்க ஒரே நிறம், மேலே பூப்போட்ட அச்சு என்று இருந்தால் அது பொடி கலந்த பிளாஸ்டிக். நிஜ மூங்கிலில் நெடுக்காக நார் ஓடும். வெட்டிய முனையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், தோல் பக்கம் நெருக்கமாகவும் உள்பக்கம் விலகியும் இருக்கும். கணு எங்காவது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அடியில் பொடி எழுத்தில் 'மைக்ரோவேவில் வைக்கக் கூடாது' என்று இருந்தாலும், 'ரெசின்', 'மெலமைன்' என்ற சொல் இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

பிரஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள் மஞ்சள்காடு. கைப்பிடி நல்ல மூங்கில்தான். முள் மட்டும் பெரும்பாலும் நைலான். தூக்கிப் போடும்போது முள்ளைக் குறடால் பிடுங்கிவிட்டுக் கைப்பிடியை மண்ணில் போடலாம். ஆனால் பல் துலக்கும் பிரஷ் அவரவர் விருப்பம், கல்யாணத்தில் கொடுக்கிற பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

காய் நறுக்கும் பலகையை நெருங்கிய சொந்தத்துக்கு யோசிக்கலாம். அது பட்டைகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. தண்ணீரில் ஊறப்போடாமல், எப்போதாவது எண்ணெய் தடவி வைத்தால் நெடுநாள் உழைக்கும். வெளியே மூங்கில், உள்ளே எவர்சில்வர் என்று வரும் பாட்டிலில் எனக்கு நாட்டமில்லை. ஒட்டு விட்டுப்போனால் இரண்டும் வீண். வெறும் எவர்சில்வர் பாட்டில் அதைவிட மேல்.

பிளாச்சு:
நான் கூடை பின்னுகிற வீட்டில் பிறந்தவன். சேலம் பக்கம். அம்மாவும் அப்பாவும் இன்றைக்கும் பின்னுகிறார்கள். ஓசூர்வாசி சொன்ன முறம் நல்ல யோசனை. தட்டுக்கூடை, மூடி வைத்த சின்னக் கூடை, பூக்கூடை, பழம் வைக்கும் அகலக் கூடை இவையும் ஆகும். வாங்குவதற்கு முன்னால் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் உங்களுக்கும் நல்லது, பின்னுகிறவர்களுக்கும் நல்லது.

கழியைப் பிளந்தால் பிளாச்சு. அதை மறுபடி மறுபடி கிழித்தால் பின்னுகிற சிம்பு. பச்சைத் தோலோடு வருகிற மேல் சிம்பு கெட்டி, வழுக்கும், சீக்கிரம் பூச்சி ஏறாது. உள் சதையில் எடுக்கும் சிம்பு வெளுப்பாக அழகாக இருக்கும், ஆனால் பூச்சிக்கு அதுதான் இனிக்கும். விளிம்பும் அடியும் மேல் சிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க உள் சதையில் பின்னி வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக விற்கிற கூடையைவிட, பச்சை பழுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிகிற கூடை அதிக நாள் உழைக்கும்.

பூச்சி என்றால் உளுக்கிற வண்டு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காக வருவது. குண்டூசித் துளை மாதிரி ஓட்டை விழும், அடியில் மெல்லிய மாவு உதிரும். கூடையைக் கறுப்புத் துணிமேல் தட்டிப் பாருங்கள். மாவு விழுந்தால் வேண்டாம். அந்த ஒரு கூடையிலிருந்து மற்றதுக்கும் பரவிவிடும். ஏணிக்கும் கொட்டகைக்கும் முற்றின கழி வெட்டுவார்கள். கூடைக்கு அவ்வளவு முற்றினால் சிம்பு முறியும், அதனால் கொஞ்சம் இளங்கழிதான் எடுப்பார்கள். ஆகவே பக்குவம் செய்வது முக்கியம். அந்தக் காலத்தில் கழியை ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், மாவுச்சத்து கரைந்துபோகும். பின்னின கூடையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை ஏறி உறுதிப்படும். இப்போது போரிக் ஆசிடும் வெங்காரமும் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அலங்காரக் கூடைக்கும் விளக்குக்கும் அது சரி. ஈரச் சாப்பாடு நேராகப் படுகிற பொருளுக்கு மருந்து போடாததையே கேளுங்கள். சாயம் போட்டதும் சாப்பாட்டுக்கு வேண்டாம், ஈரம் பட்டால் இறங்கும்.

இன்னொன்று காலம். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் வந்து நின்றால் யாராலும் 350 கொடுக்க முடியாது. சிம்பு கிழிப்பதே பாதி வேலை. ஆவணியிலேயே சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பின்னிக் காய்ந்துவிட வேண்டும். மழையில் பின்னினது ஈரம் போகாமல் பூஞ்சை பூக்கும். வீட்டுக்கு வந்ததும் பாலிதீன் உறையில் கட்டி அடுக்காதீர்கள். காற்று போகிற அறையில் நியூஸ்பேப்பர் விரித்து வையுங்கள். உச்சி வெயிலிலும் போடாதீர்கள், வெடிக்கும்.

மஞ்சள்காடு:
தம்பி, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. விலை எப்படிப் பேசுவது? நான் தொகையை முதலிலேயே சொல்லிவிடலாமா?

பிளாச்சு:
சொல்லிவிடுங்கள் அக்கா. 'என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எந்த அளவு வரும்?' என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். கேட்ட விலையைப் பாதியாகக் குறைப்பதற்குப் பதில் முறத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூலி குறைந்தால் எங்கே கை வைப்பார்கள்? சிம்பின் கனத்தில்தான். அப்புறம், 350ம் ஒரே வீட்டில் கொடுக்காமல் மூன்று நான்கு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். எல்லாம் அச்சடித்ததுபோல் ஒரே அளவில் வராது, கை வேலை. அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பனங்காடு:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். மூங்கில் என்றாலே இயற்கைக்கு நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடையில் இருக்கும் பலகை, ஸ்பூன், டப்பாவில் பெரும்பகுதி சீனாவின் மோசோ மூங்கில். கப்பலில் வந்து, லாரியில் வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நம் கைக்கு வருகிறது. அங்கே சில பகுதிகளில் கலப்புக் காடு இருந்த இடத்தை மோசோ மட்டுமே பிடித்துக்கொண்டது. பல வகை மரமும் பறவையும் இருந்த இடத்தில் ஒரே பயிர். இதை எப்படிப் பசுமை என்று சொல்வது?

நான் தூத்துக்குடிக்காரன். எங்களுக்குப் பனை இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரம். ஓலை வெட்டினால் மரம் சாகாது. மணப்பாட்டில் பெண்கள் முடையும் ஓலைப்பெட்டி, செட்டிநாட்டுப் பனையோலைக் கூடையான கொட்டான், பத்தமடைக் கோரைப்பாய் இவற்றில் எது குறைச்சல்? கொட்டானுக்கும் பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடே இருக்கிறது. தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கொடுக்கக் கொட்டானைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? செட்டிநாட்டில் சடங்குக்கென்றே முடைந்ததுதானே அது.

வனம்பார்த்தவர்:
பனங்காடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊரில் என்ன விளைகிறதோ அதுதான் முதலில். ஆனால் மூங்கிலை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். மூங்கில் மரமல்ல, புல். குருத்து வரும்போதே முழுப் பருமனோடு மண்ணைப் பிளந்துகொண்டு வரும், சில மாதத்தில் முழு உயரத்தைத் தொட்டுவிடும், பிறகு மூன்று நான்கு வருடம் அதே உயரத்தில் நின்று கெட்டிப்படும். புதரில் ஆன கழியை மட்டும் வெட்டி, இளங்கழியை விட்டுவைத்தால் கிழங்கு மறுபடி குருத்து விடும். புதிதாக நட வேண்டியதில்லை, உழவும் இல்லை. வெட்டாமலே விட்டால் புதர் நெரிசலாகி உள்ளே கழி செத்து நிற்கும்.

நம் நாட்டில் சிக்கல் சட்டத்தில் இருந்தது. 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வைத்திருந்தது. தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றவே அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதைச் சிறு வனப்பொருள் என்று ஏற்றது, காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை வந்தது. 2017 திருத்தத்தில் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்தே நீங்கியது. அதனால் விவசாயி வரப்பில் வளர்த்த கழி இன்று தாராளமாகக் கிடைக்க வழி இருக்கிறது. பின்னுகிறவரிடம் 'கழி எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். தோட்டத்துக் கழி என்றால் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

முப்பது பேருக்குக் கூடச் செலவு செய்யலாம் என்றீர்களே, அதற்கு வயநாட்டில் திருக்கைப்பேட்டையைப் பாருங்கள். 1996ல் தொடங்கிய 'உறவு' என்ற அமைப்பு அங்கே கிராமத்துப் பெண்களுக்கு மூங்கில் வேலை கற்றுக்கொடுத்து வருகிறது. விளக்கு, மேசைப் பொருட்கள் எல்லாம் செய்கிறார்கள். ஈரோட்டிலிருந்து எட்டும் தூரம்தான். மூங்கில்தான் வேண்டும் என்று இல்லாவிட்டால் உண்ணிச்செடியில் செய்த பொருளும் உண்டு. காட்டை மூடிக்கொண்டிருக்கும் அந்நியச் செடி அது. மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் அதில் கூடையும் நாற்காலியும் செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் அதில் நிஜ யானை அளவுக்குச் செய்த யானைச் சிலைகள் அமெரிக்கா வரை போய்விட்டன. அந்தச் செடியை எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லதே.

பனங்காடு:
வரப்பில் வளர்ந்த கழி, உள்ளூர்க் கை என்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. என் கோபமெல்லாம் கப்பலில் வருகிற 'பசுமை' மேல்தான்.

மஞ்சள்காடு:
நேற்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். 350க்கும் சின்ன முறம் என்று முடிவு. பவானிப் பக்கம் பின்னுகிற குடும்பங்களை மாப்பிள்ளை வீட்டாருக்கே தெரியுமாம், இந்த வாரம் போய்ப் பார்க்கிறோம். முப்பது பேருக்கு மணப்பாட்டு மூடிபோட்ட ஓலைப்பெட்டி. பனங்காடு அண்ணா, அது உங்களால்தான். கப்பும் துண்டும் பட்டியலிலேயே இல்லை.

ஒரே ஒரு தடை. என் பெரியம்மா, 'வெறும் முறத்தைக் கையில் கொடுக்கக் கூடாது' என்கிறார்.

ஓசூர்வாசி:
பெரியம்மா சொல்வது சரிதானே அக்கா. பாகினத்திலும் வெறும் முறம் கொடுப்பதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் உங்களுடையது. ஒரு பிடி அரிசியும் இரண்டு கிழங்கு மஞ்சளும் சின்னத் துணியில் முடிந்து முறத்தில் வைத்துவிடுங்கள். மங்கலமும் ஆச்சு.

யாராக்கரை:
இடையில் ஒரு கேள்வி. நான் மெல்போர்னில் இருக்கிறேன். தை மாதம் நானும் ஊருக்கு வருகிறேன், வேறு கல்யாணம். இதைப் படித்ததும் அம்மாவிடம் சொல்லி இரண்டு முறம் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன். ஆஸ்திரேலியாவுக்குள் விடுவார்களா?

வானூர்தி:
விடுவார்கள், ஆனால் இறங்கும்போது கொடுக்கிற படிவத்தில் மூங்கில் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள். மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம். உளுத்த ஓட்டையோ மாவோ, மண்ணோ, விதையோ இருந்தால் மருந்தடிக்க எடுத்துக்கொள்வார்கள் அல்லது அழித்துவிடுவார்கள். முறத்தோடு வருகிற தேங்காய், வெற்றிலை, கிழங்கு மஞ்சளை எல்லாம் ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். சாணம் மெழுகிய முறம் என்றால் கொண்டுவரவே வேண்டாம்.

யாராக்கரை:
அம்மா புது முறத்துக்குச் சாணமும் வெந்தயமும் பூசாமல் விடமாட்டார்களே. பூசாவிட்டால் இடுக்கில் ரவை எல்லாம் கீழே கொட்டுமே.

பிளாச்சு:
பூசாத முறத்தையே தரச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பிரஷ்ஷால் நன்றாகத் தட்டி, ஒரு நாள் இளவெயிலில் வைத்து எடுங்கள். அங்கே போனதும் நீங்களே பூசிக்கொள்ளலாம். வெந்தயத்தை இரவு ஊறவைத்து, மறுநாள் வழுவழுவென்று அரைத்து, உள்பக்கம் இடுக்கு மூடுகிற மாதிரி கையால் தடவுங்கள். நிழலில் காயவிட்டு இன்னொரு தடவை பூசினால் போதும். சாணமே தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை அதே மாதிரி பூசி வாருங்கள், கழுவ மட்டும் கழுவாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.